ஈடு வந்த இசைத்தட்டுகள்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியோரத்தில் எனது அப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. எங்கள் வீட்டில் வாப்பாவின் வாப்பாவை ‘அப்பா’ என்றுதான் அழைப்போம். மேலே மூன்று தோட்டங்கள். அந்த லயங்களிலிருந்து இறங்கி வருபவர்கள் அரிசி, மா, கருவாடு, புகையிலை எல்லாவற்றையும் கடனுக்கே வாங்குவார்கள். சம்பள நாளில் பற்றுக் கொப்பியில் கணக்குத் தீரும், சிலவேளை தீராது. கடை போய் நீண்ட காலமாகிறது. அப்பாவும் மௌத்தாகிவிட்டார். எஞ்சியிருப்பவை அந்தப் பற்றுக் கொப்பிகளிற் சிலவும் ஓர் இரும்புப் பெட்டியும்தான்.

அப்பெட்டிக்குள் 43 இசைத்தட்டுகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய கிராமபோன் தட்டுகள். அவற்றில் 7 உடைந்தவை. ஒவ்வொன்றும் சீனி சுற்றும் தாளில் பொதியப்பட்டு, மேலே அப்பாவின் கையெழுத்தில் ஒரு பெயர், தோட்டம், பிரிவு, ஒரு தொகை என எழுதப்பட்டிருக்கும்.

சில வருடங்களுக்கு முன்னர் எனது பழைய மாணவர் ஒருவர் இப்பெட்டியைத் தேடி வந்தார். கொழும்பில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பழைய தட்டுகளை வாங்கி, கழுவித் துலக்கி, அவற்றின் ஒலியைக் கணினிக்கு மாற்றி, இணையத்தின் வழியே விற்பது அவரது தொழில். வாங்குபவர்களிற் பெரும்பாலானோர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள். “முழுப் பெட்டியையும் நான் எடுக்கிறேன் சேர், நல்ல விலை தாரன்” என்றார். உம்மா அடுப்படியிலிருந்தபடியே, “அது ஈடு வந்த சாமான் மகன். நம்மட இல்ல” என்றார்.

இக்கட்டுரை எழுத நேர்ந்தது அந்த ஒரு வார்த்தையினால்தான்.

முதலில் தட்டின் வரலாறு. 1902இல் பிரெட் கெய்ஸ்பேர்க் என்ற ஒலிப்பதிவாளர் கிராமபோன் கம்பனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் பதிவுசெய்த குரல்களுள் புகழ்பெற்றது கௌஹர் ஜானுடையது. ஆர்மீனிய வழிவந்த குடும்பத்தில் ஏஞ்சலினா என்ற பெயரோடு பிறந்து, தாயாருடன் இஸ்லாத்தைத் தழுவிய பெண்மணி அவர். பாடி முடிந்ததும் தனது பெயரை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்வார். இதைப் பலர் அவரது பெருமிதமென்று எழுதியிருக்கிறார்கள். காரணம் மிகச் சாதாரணமானது. பதிவு செய்யப்பட்ட மெழுகுத் தகடுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறும். அங்குள்ள தொழிலாளிக்கு எந்தத் தகட்டில் எவர் பாடுகிறார் என்பது தெரிய வேண்டும், லேபலைச் சரியாக ஒட்ட வேண்டும். குரலோடு பெயர் பிரியாதிருக்கச் செய்த ஏற்பாடே அது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தொழிற்சாலை திறக்கப்பட்டது. பின்னர் அது டம்டம்முக்கு மாறியது.

தட்டு செய்யப்பட்ட பொருளும் நமது பிராந்தியத்ததே. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி விடும் பிசினைக் காய்ச்சி எடுத்த அரக்கோடு கற்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தினால் கிராமபோன் தட்டு. கீழே விழுந்தால் பீங்கான் போல் உடையும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரக்குக் கிடைக்காமல், பல நாடுகளில் பழைய தட்டுகளைத் திருப்பி வாங்கி அரைத்துப் புதிய தட்டுகள் செய்தார்கள். எத்தனை குரல்கள் அவ்வாறு மற்றொரு குரலுக்கு மாவாகிப் போயினவோ.

இந்தப் பெட்டி பேசத் தொடங்கியபோது மார்க்க அறிஞர்களுக்கும் அது ஒரு கேள்வியாயிற்று. குர்ஆன் ஓதலைப் போனோகிராபில் கேட்கலாமா, அதில் ஸஜ்தா வசனம் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் விவாதிக்கப்பட்டது. இதுபற்றி 1899இல் பத்தாவியாவில் செய்யிது உஸ்மான் எழுதினார். அதனைத் தொட்டு டச்சு அறிஞர் ஸ்னூக் ஹர்குரொன்யே மறு ஆண்டு ஒரு கட்டுரை வரைந்தார். இசை ஆகுமா ஆகாதா என்ற பழைய வாதத்துக்குள் நான் இங்கு நுழையப் போவதில்லை. அதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

தமிழுக்குத் தட்டு வந்த வழி நாடகமேடை. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையில்தான் சேர்ந்தார்கள் என்பதை வாசகர்கள் அறிவர். 1933இல் கிட்டப்பா இளவயதிலேயே மறைந்தபோது அவரது குரல் தட்டுகளில் எஞ்சியது. 1932இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை விற்றார். பிற்காலத்து ஏவிஎம் படநிறுவனத்தின் வேர் அந்தத் தட்டுக் கடையிற்தான் இருக்கிறது. 1924இல் புகையிரதப் பாதை பதுளை வரை வந்து சேர்ந்தது. அக்காலத்தில்தான் எட்வேட் ஹாப்பர் கொழும்பில் பரீட்சார்த்தமாக வானொலி ஒலிபரப்பினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உதிரிப்பாகங்களால் ஆன கருவி. அதிலே ஒலித்தது கிராமபோன் இசை. இலங்கை வானொலியின் தொடக்கமே ஓர் இசைத்தட்டுத்தான்.

இலங்கைத் தட்டுகளில் நம்மவர் பங்கு சிறிதல்ல. சேலத்தில் 1919இல் பிறந்து 1930களின் தொடக்கத்தில் இங்கு வந்த முகைதீன் பேக் சிங்களத் தட்டுகளிலும் பின்னர் திரைப்படங்களிலும் பாடி, பௌத்த பக்திப் பாடல்களுக்கே அடையாளமாகிவிட்டவர். 1991இல் காலமானார். அவரைத் தட்டுப் பாடகராக வளர்த்த முகம்மது கௌஸ் மாஸ்டரும் நம்மவரே. றம்பொடையில் பிறந்த டெய்சி டானியல்ஸ், ருக்மணி தேவி என்ற பெயரோடு தட்டில் பாடித்தான் முதலில் அறியப்பட்டார். வெசாக் காலத்தில் பதுளை நகரில் பேக் அவர்களது பாடலைக் கேட்கும்போதெல்லாம் என்னோடு நடக்கும் சக ஆசிரியரிடம், “பாடுறவர் சேலத்து முஸ்லிம்” என்று சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அவர் ஒவ்வொரு முறையும் வியப்பார், மறுவருடம் மறந்துவிடுவார்.

தோட்டங்களில் கிராமபோன் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. கங்காணி வீட்டிலும், கணக்கப்பிள்ளையிடமும், சீட்டுப் பிடித்து வாங்கிய ஓரிரு லயத்துக் குடும்பங்களிடமும் இருந்ததாக அப்பா சொல்லுவார். தீபாவளிக்கு வாசலில் வைத்துச் சாவி கொடுத்தால் முழு லயமும் கூடும். அவர்கள் கேட்டவை சென்னையிலும் கல்கத்தாவிலும் பதிவானவை. அவர்களே பாடியவற்றை எந்தக் கம்பனியும் பதிவு செய்ய வரவில்லை. கொழுந்து பறிக்கும்போது, தாலாட்டும்போது, மாரடிக்கும்போது பாடியவற்றை சி.வி. வேலுப்பிள்ளை சேகரித்து நூலாக்கியதால் சொற்கள் கிடைத்தன. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை தோட்டம் தோட்டமாகச் சென்று கூட்டங்களில் பாடிய அரசியற் பாடல்களும் அச்சில் உள்ளன. குரல் இல்லை. விற்காது என்று கருதப்பட்டது பதிவாகவில்லை. பதிவாகாதது, இன்று எவ்வளவு நுட்பமான கணினி இருந்தாலும், துலக்கக் கிடைப்பதில்லை.

ஆயினும் விற்பனைக்கு வந்த தட்டுகளே அந்தப் பாடல்களுக்கு ஒரு திறவுகோல் என்பதை நான் மிகப் பிந்தியே விளங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் முனாஜாத்துகளும் சிந்துகளும் அடங்கிய ஓரிரு சிறு பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பாடலின் தலைப்பின் கீழ் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி இருக்கும். அக்காலத்து அரசியற் பாட்டுப் பிரசுரங்களிலும், கொலைச் சிந்துகளிலும் இதே வழக்கம் உண்டு. மெட்டாகச் சுட்டப்பட்டது பெரும்பாலும் அப்போது எல்லார் வாயிலுமிருந்த நாடகப் பாட்டு அல்லது சினிமாப் பாட்டு. இன்று அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மெட்டுத் தெரியாது. வெறும் சொல்லாக வாசிக்கிறார். அந்த நாடகப் பாட்டின் தட்டு எங்காவது ஓர் இரும்புப் பெட்டியில் பிழைத்திருந்தால், அதிலிருந்து நமது முனாஜாத்துக்கும் உயிர் வரும். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளில் சிற்றிலக்கிய வடிவங்களைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வாசிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த மெட்டைக் கேட்டிருப்பர் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. நானும் கேட்காமல்தான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இனி ஈட்டுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகையாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அதே காலம்தான் தோட்டங்களில் பஞ்சம். பதுளையில் புகையிரதம் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் இராமேஸ்வரம். 1984இல் அந்தக் கப்பல் நிற்கும் வரை இது தொடர்ந்தது. புகையிரத நிலையத்தில் எழுந்த ஒப்பாரியைப் பற்றி மலையக எழுத்தாளர்கள் நிறையவே எழுதியுள்ளனர்.

போகிறவர்கள் கடைக்கடனைத் தீர்த்துவிட்டுப் போவதை மானமாகக் கருதினார்கள். பணமில்லாதவர்கள் பொருளைக் கொண்டு வந்தார்கள். குத்துவிளக்கு, அண்டா, தையல் இயந்திரம், சிலவேளை தட்டுகள். ஒரு பத்தங்குலத் தட்டு ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். பத்துத் தட்டு என்றால் இரண்டு கிலோ. பயணத்தில் உடையக்கூடிய சாமான் வேறு. அப்பா அவற்றை விலைக்கு வாங்கவில்லை. “ஊருக்குப் போய்க் காசு அனுப்புங்க, சாமான் இங்க பத்திரமா இருக்கும்” என்று சொல்லி, ஈடாக வைத்துக்கொண்டாராம். தாளில் எழுதிய பெயரும் தொகையும் அதற்குத்தான். அண்டாவும் விளக்கும் 1983 கலவரத்தில் பஸார் எரிந்த நாட்களில் எப்படியோ காணாமற் போயின. தட்டுகளைத் தூக்கிச் செல்ல எவரும் விரும்பவில்லை போலும். காசு ஒருவரும் அனுப்பவில்லை. அனுப்பக்கூடிய நிலையில் அங்கு எவரும் இருக்கவுமில்லை. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் திறந்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் கொழுந்துதான்.

மாணவர் அந்த விடுமுறையில் ஒரு வாரம் எங்களோடு தங்கித் தட்டுகளைச் சோதித்தார். அவரது வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கழுவுவதிலேயே அறிவு வேண்டும். மதுசாரம் கலந்த எந்தத் திரவமும் அரக்குத் தட்டிற் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். வடித்த நீரில் சில துளி மென்மையான சவர்க்காரம், மிருதுவான தூரிகை, லேபல் நனையாமல் ஒரு மூடி. பிறகு ஊசி. பிற்கால எல்பீ தட்டின் ஊசி இதற்கு உதவாது; பள்ளம் அகலமானது, அந்த ஊசி அடியிற் கிடக்கும் தூசியில் உழுதுகொண்டு போகும். ஏறக்குறைய மூன்று மடங்கு பருத்த ஊசி வேண்டும். பழைய ஊசிகள் தேய்த்த பகுதிக்கு மேலேயோ கீழேயோ தொடும்படியாக இரண்டு மூன்று பருமனில் மாற்றிப் பார்ப்பார். அடுத்தது வேகம். 78 என்பது பேச்சுக்குத்தான். ஆரம்பகாலத் தட்டுகள் அதற்குக் குறைந்த வேகத்திலும் பதிவாகியுள்ளன. தவறான வேகத்தில் ஓட்டினால் ஆண்குரல் சிறுவன் குரலாகும், சுருதி ஏறிவிடும். ஆர்மோனியச் சுருதியை அளந்து அவர் சரிசெய்தார்.

இதுவரை எல்லாம் கைவேலை. இதற்குப் பின்னர் கணினியில் இரைச்சல் நீக்குவதில்தான் ஆபத்து இருப்பதாக அவரே ஒப்புக்கொண்டார். டிக் டிக் என்ற வெடிப்பொலியை ஒவ்வொன்றாக அகற்றலாம், பழுதில்லை. ‘சர்’ என்ற தொடர் இரைச்சலை அடியோடு துடைக்கப் போனால், பாடகரின் மூச்சும் ‘ச’, ‘ஷ’ போன்ற எழுத்துகளின் கூர்மையும் அதோடு போகும். 1925க்கு முந்திய தட்டுகளில் மைக் இல்லை. ஒரு தகரக் குழாய்க்குள் தலையை நுழைத்தாற்போல் நின்று உரக்கப் பாடியிருக்கிறார்கள். அத்தகைய ஒலியை நேற்றுப் பாடியதுபோல் ஆக்குவேன் என்பவரை நம்பாதீர்கள். வாங்குபவர்களோ அதைத்தான் கேட்கிறார்களாம். துடைத்த பிரதி விற்கும்; துடைக்காதது விற்காது.

நம்பிக்கை என்றதும் ஒரு சம்பவம். ஜொய்ஸ் ஹாட்டோ என்ற ஆங்கிலப் பியானோக் கலைஞர் 2006இல் இறந்தார். நோயோடு போராடியபடி நூற்றுக்கும் மேற்பட்ட இறுவட்டுகளுக்கு வாசித்தவர் என்று விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். 2007 பெப்ரவரியில், ஒருவர் அவரது இறுவட்டைக் கணினியில் போட, அது வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது. பிரான்ஸின் கிராமப்புறத்திலிருந்து பழைய ஒலிப்பதிவுகளைத் துலக்கி இணையத்தில் விற்கும் பிரிஸ்டின் ஓடியோ என்ற சிறு நிறுவனத்தின் அண்ட்ரூ ரோஸ் அலைவடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே. கணவரான வில்லியம் பாரிங்டன்-கூப் பிறரது பதிவுகளை எடுத்து, சிலவற்றின் வேகத்தைச் சற்று மாற்றி, மனைவியின் பெயரில் வெளியிட்டிருந்தார். பின்னர் ஒப்புக்கொண்டார். காதுகள் பழுத்த விமர்சகர்களே ஏமாந்தார்கள். பிடித்துக் கொடுத்தவரோ, அதே தொழிலை ஒழுங்காகச் செய்த ஒரு சிறு வியாபாரி.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மத்னு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸனது அறுந்திருந்தால் இமாம்கள் ஏற்க மாட்டார்கள். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று பார்ப்பார்கள். ஓர் இசைத்தட்டுக்கும் ஸனது உண்டு. லேபலுக்கும் பள்ளத்துக்குமிடையே பொறித்திருக்கும் இலக்கம், கம்பனியின் பட்டியல் இலக்கம், பாடியவர், வாத்தியக்காரர், எந்த ஊசியால் எந்த வேகத்தில் யார் மாற்றினார் என்ற குறிப்பு. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இந்த விபரங்களைப் பொறுமையாகத் தொகுத்தது. 1935 முதல் 1955 வரை இயங்கிய ‘யங் இந்தியா’ தட்டுகளை, அச்சங்கத்தின் சுரேஷ் சந்த்வன்கர் பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணக் காப்புத் திட்டத்தின் உதவியோடு எண்ணிம வடிவாக்கினார். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் தனியொருவராகவே பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்தார். ஆனால் இவர்களது ஸனது கம்பனியிலிருந்து கடை வரைதான் வரும். கடையிலிருந்து லயத்துக்கும், லயத்திலிருந்து மறுபடி ஒரு முஸ்லிம் கடைக்கும் வந்த வழியை எந்தப் பட்டியலும் சொல்லாது. அப்பாவின் சீனித்தாள்தான் சொல்கிறது.

மாணவர் சட்டத்தைச் சொன்னார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியாகி 50 வருடங்களில் முடிகிறது. இந்தியாவில் 60. பெட்டியிலிருக்கும் எல்லாத் தட்டுகளுமே அதைத் தாண்டியவை. பாட்டெழுதியவரின் உரிமை வேறு. ஆசிரியர் இறந்து இங்கு 70, அங்கு 60 வருடங்கள். அதை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விற்பாராம். எனக்கு அவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இல்லாவிட்டால் இந்தத் தட்டுகள் பூஞ்சணம் பிடித்தே அழியும். நான் ஆசிரியர், 43 தட்டையும் துலக்க என்னிடம் கருவியுமில்லை, காசுமில்லை. ஆனால் கம்பனியின் உரிமை முடிந்ததால் ஈடு வைத்தவரின் உரிமையும் முடிந்துவிட்டதா? அதற்கு அந்தச் சட்டத்தில் பிரிவில்லை. ஊர்ப் பள்ளியில் ஒரு மௌலவியிடம் கேட்டேன். உரியவரைத் தேடிப் பார், கிடைக்காவிட்டால் அப்புறம் பேசுவோம் என்றார்.

ஆகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தட்டுகள் எங்கள் வீட்டிலேயே இருக்கும். அவர் ஒலியை மட்டும் எடுத்துச் செல்வார். விற்கும் ஒவ்வொரு பாடலோடும் தோட்டத்தின் பெயரும் பிரிவும், ஈடாக வந்த ஆண்டும் குறிப்பிடப்படும். ஆட்பெயர்களை வெளியிடக்கூடாது என்பது எனது நிபந்தனை. கடன்பட்டவர் பட்டியலை உலகுக்குக் காட்ட அப்பா விரும்பியிருக்க மாட்டார். வரும் பணத்தில் ஒரு பங்கு தனியே வைக்கப்படும். அது அதிகமில்லை. தோட்டப் பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் சிலர் உண்டு என்று அவர் சொன்னபோது மட்டும் சற்று ஆச்சரியமாக இருந்தது.

கோத்தகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் மூலம் பெயர்களைத் தேடினோம். 19 குடும்பப் பெயர்களில் இதுவரை ஒன்றுதான் அகப்பட்டது. தட்டை வைத்துவிட்டுப் போனவர் இறந்துவிட்டார். அவரது மகள் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். பத்துப் பன்னிரண்டு வயதில் பதுளையில் ரயிலேறியவர். மாணவர் நன்றாகத் துலக்கிய பாடலைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினோம். முழுவதையும் கேட்டார்.

“நல்லா இருக்குங்கய்யா. ஆனா இது எங்க தட்டு இல்ல” என்றார்.

தாளில் அவரது தந்தையின் பெயர் தெளிவாக இருந்தது. நான் குழம்பிப் போனேன். அவர் சொன்னார்: “எங்க தட்டுல ஒரு கீறல் இருந்திச்சு. அந்த எடத்துல பாட்டு ரெண்டு வாட்டி திரும்பும். அப்பா வெரலால தள்ளி விடுவாரு. நாங்களும் அப்பிடித்தான் பாடுவோம், ரெண்டு வாட்டி.”

மாணவரிடம் கேட்டேன். கீறலில் ஊசி திரும்பிய அந்த இடத்தை அவர்தான் வெட்டி ஒட்டியிருந்தார். கேட்பவருக்கு இடைஞ்சலாக இருக்குமென்று. துலக்குவதற்கு முன்னர் எடுத்த மூலப்பதிவை அவர் அழிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் அதைப் போட்டோம். சர் என்ற இரைச்சல், வெடிப்பு, ஆர்மோனியம், குரல். கீறல் வந்த இடத்தில் பாட்டு ஒரு முறை திரும்பியது. மறுமுனையில் அவர் கூடவே பாடத் தொடங்கியிருந்தார், இரண்டு வாட்டி.

தட்டை எப்படி அனுப்புவது என்று கேட்டேன். பாட்டு போதும், தட்டு அங்கேயே இருக்கட்டும் என்றவர், சிறிது பொறுத்து, கடைக்கு இன்னும் எவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று விசாரித்தார். தாளில் 11 ரூபா 40 சதம் என்று இருக்கிறது. நான் சொல்லவில்லை.